மூன்றே முக்கால் கிலோ

விழுந்தது இரண்டாவது பாட்டில்.
ஃப்ளென்ஸ்பர்க், நவம்பர்,
தீயணைப்பு நிலையத்தின் ஆண்டு விழா.
மேடை என்பது எட்டு மரத்தட்டும் ஒரு பழைய கம்பளமும்.
நான் இடப்பக்கம் திரும்பினேன், அவ்வளவுதான்.
வார் தோளில் இருந்தது.
கிடார் இல்லை.

முழங்காலை நீட்டினேன்.
அதில் பட்டுத் தெறித்துத்
தலைகுப்புறப் போய்க் குத்தியது.
வயர் இன்னும் செருகியிருந்ததால்
அந்த அடி ஆம்ப் வழியே ஏறி
நூற்றிருபது பேரின் வயிற்றில் இறங்கியது.
பாட்டின் பகுதியென்று நினைத்து
ஒரு குழந்தை மட்டும் கைதட்டியது.

கழுத்து முறியவில்லை. பிருடை ஒன்று வளைந்தது.
என் முழங்கால் ஊதாவிலிருந்து மஞ்சளுக்குப் போக
பன்னிரண்டு நாள்.

மறுநாள் காலை கேஷெ வந்தாள்.
எங்களுக்கு பேஸ் வாசிப்பது ஞாயிறுகளில்;
மற்ற நாள்களில் கப்பல் பட்டறையில் பாரம் கட்டுகிறவள்.
பதினெட்டு டன் எஞ்சினைக் கம்பிவடத்தில் தொங்கவிட்டு
அதன் கீழே எவனும் நடக்காதபடி
கத்துவது அவள் பிழைப்பு.

துண்டு விரித்துக் கிடாரைக் கிடத்தினாள்.
"எடை எவ்வளவு?"
தெரியாது.
குளியலறைத் தராசில் என்னை ஏற்றினாள்,
கிடாரோடு ஒருமுறை, வெறுங்கையோடு ஒருமுறை.
மூன்றே முக்கால் கிலோ.
"ஒன்பது வருஷம் சுமந்திருக்கிறாய், வீப்கெ."
என் எடையைப் பற்றி வாய் திறக்கவில்லை.
அந்த மட்டுக்கும் நல்லவள்.

பிறகு வாரின் நுனியைப் பிடித்து
வெளிச்சத்தில் காட்டினாள்.
வாங்கிய புதிதில் பொத்தானைக் கவ்விக்கொண்டு
விடமாட்டேன் என்று முரண்டு பிடித்த ஓட்டை.
இப்போது கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது.
பொத்தானை இரண்டு விரலால் தொட்டாள்.
திருகாணி பால்பல்லாய் ஆடியது.

"இது நேற்று விழவில்லை,
நேற்றுதான் விழுந்து முடித்தது" என்றாள்.

திருகாணியைக் கழற்றினாள்.
உள்ளே மரம் பொடிந்து
எறும்புப் புற்றின் வாய்போல ஒரு துளை.
பல்குச்சி மூன்றை மரப்பசையில் தோய்த்துத் திணித்து
வெளியே துருத்தியதை நறுக்கினாள்.
"நாளை மாலைவரை தொடாதே."
நான் தொடவில்லை.
ஒரே ஒருமுறை மோந்து பார்த்தேன்.

"இனி ரப்பர் வளையம் வேண்டும்.
கம்பி மூடி போட்ட பீர் பாட்டிலில் இருக்குமே, சிவப்பாய்,
அது."
இந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.
கடைக்குக் கிளம்பச் சட்டையை மாட்டினேன்.

"வாங்க வேண்டாம்" என்றான் ட்யார்க்,
எங்கள் டிரம்மர்,
மூன்று வருஷமாய்
ஆப்பிள் சாறு மட்டும் குடிப்பவன்.
வீட்டுக்குப் போய் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தான்.
திறந்தபோது நிறையச் சிவப்பு.
சில வெடித்திருந்தன. சில ஒன்றோடொன்று ஒட்டி.

"அந்தக் குளிர்காலத்தினுடையது" என்றான்.
எந்தக் குளிர்காலம் என்று நாங்கள் கேட்கவில்லை.
கேஷெ டப்பாவில் விரலை விட்டு
ஒவ்வொன்றாய் இழுத்துப் பார்த்து
நான்கை எடுத்தாள்.
"இரண்டு பொத்தானுக்கு இரண்டு.
மிச்சம் இரண்டு உன் பெட்டியில் கிடக்கட்டும்."
டப்பாவை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.
அவன் வாங்காமல் கொஞ்ச நேரம்
கையைப் பையிலேயே வைத்திருந்தான்.

மறுநாள் மாலை:
முதலில் பொத்தான், இறுக்கமாய்.
அதன்மேல் வார்.
வாரின்மேல் வளையம், கட்டைவிரல் நோக
இழுத்து மாட்டியது.
வயரை வாருக்குள் ஒரு சுற்று விட்டுச் செருகினாள்,
யாராவது மிதித்தாலும் பிடுங்காதிருக்க.
அப்புறம் என் மெத்தைமேல்
வாரைப் பிடித்துக் கிடாரைத் தொங்கவிட்டு
உதறினாள், உதறினாள்,
தண்ணீர் சொட்டும் போர்வையை உதறுவதுபோல.
நான் கண்ணை மூடிக்கொண்டேன்.
கீழ்வீட்டுக்காரர் கூரையை இடித்தார்.

பிப்ரவரியில் மறுபடி மேடை, ஒரு பள்ளிக்கூடத்தில்.
இரண்டாவது பாட்டு.
இடப்பக்கம் திரும்பும் இடம் வந்தது.
திரும்பினேன்.
என் வலக்கை தந்தியை விட்டு
இடுப்போரம் போய்
வளையத்தைத் தடவிவிட்டு வந்தது.
நடுவில் ஒரு தாளம் வெறுமையாய்ப் போனது.

ட்யார்க் பார்த்துவிட்டான்.
அந்த இடத்தில் இல்லாத ஓர் அடியைப்
போட்டு நிரப்பினான்.